உழுத பாதியும் உழாத பாதியும்

பெருமதிப்பிற்குரிய அத்தானுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தை அக்கா வாரத்துக்கு மூன்று முறை போனில் சொல்லிவிடுவதால் தனியாக விசாரிக்கவில்லை. வேளாண் அலுவலகத்திலிருந்து ஓய்வுபெற்ற பிறகும் நீங்கள் ஓயாமல் ஆலோசனை வழங்கி வருவதில் மகிழ்ச்சி. பதினோரு வருஷத்துக்கு முன் இரவல் வாங்கிப் போன என் குடையும் சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

போன வருஷம் எங்கள் வீட்டு மேஜையில் உட்கார்ந்து, மூன்றாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே, "மாப்ளே, நிலத்தை ஏன்யா இந்தப் பாடு படுத்தற? உழவே வேண்டாம். மக்காச்சோளத் தட்டை அப்படியே கெடக்கட்டும், நடுவுல கீறி சோயாவை விதைச்சிட்டுப் போ" என்றீர்கள். இரண்டு பட்டம் வாங்கியவன் நான். அன்றே பந்தயம் வைத்தேன். வயலில் கிழக்குப் பாதி என் முறைக்கு, மேற்குப் பாதி உங்கள் முறைக்கு. எவர் பாதியில் மூட்டை குறைகிறதோ, அவர் உங்கள் மகள் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து, "எனக்கு விவசாயம் தெரியாது" என்று சொல்ல வேண்டும்.

கிழக்கை மூன்று முறை உழுதேன், மண் மாவாயிற்று. மேற்கில் நீங்கள் அனுப்பிய விதைப்புக் கருவி ஒரே முறை ஓடிவிட்டுப் போய்விட்டது. மண் பரிசோதனையில் அமிலத்தன்மை அதிகம் என்று வந்ததால், சுண்ணாம்புத் தூளைக் கிழக்குக்கு மட்டும் (இரண்டு பாதிக்கும் போடச் சொல்லி நீங்கள் போனில் கத்தியதை நான் ஏன் கேட்க வேண்டும்?) தூவப் போனால், அதுவரை அசையாதிருந்த காற்று கிளம்பி, பாதித் தூளை உங்கள் மேற்கில் கொட்டியது, மீதியில் பாதியை என் தலையில் கொட்டியது, பக்கத்து வயல்காரன் வரப்பில் நின்று "என்னண்ணே, நாடகத்துல பேய் வேஷமா?" என்றான். விதைத்த மறுநாள் மழை அடித்ததில் என் மாவு மண் ஓடு கட்டிக்கொண்டது, முளைகள் முட்டிப் பார்த்து உள்ளேயே ஓய்ந்தன. மேற்கிலோ, நாலு நாள் மழிக்காத முகம் மாதிரி கிடந்த தட்டைகளுக்கு நடுவே சோயா வெட்கமில்லாமல் எட்டிப் பார்த்தது. மறுபடி உழுதேன், கலப்பைக் கொழு கல்லில் முறிந்தது, மறுபடி விதைத்தேன். மேற்கில் களை மண்டியபோது மட்டும் இரண்டு நாள் நன்றாகத் தூங்கினேன். அதையும் என் மனைவி ஒரே மருந்துத் தெளிப்பில் கெடுத்துவிட்டாள்.

நேற்று அறுவடை முடிந்தது. கலந்துவிடாமலிருக்க ஒரு பாதி மூட்டைகளைச் சிவப்புக் கயிற்றிலும் மறு பாதியை நீலக் கயிற்றிலும் கட்டினோம். கட்டியது மனைவி, எண்ணியது நான். சிவப்பு இருபத்துமூன்று, நீலம் இருபத்திரண்டு. அத்தான், சிவப்பு என் கிழக்கு! கொட்டகையில் தனியாக நின்று கைதட்டினேன்.

கிழக்கில் ஒரு மூட்டை அதிகம் என்று மனைவியிடம் ஓடிப்போய்ச் சொன்னால், அவள் அடுப்படியிலிருந்து திரும்பக்கூட இல்லை. "ஒரு மூட்டைக்காக மூணு மூட்டை விலைக்கு டீசலும் விதையும் சுண்ணாம்பும் கொட்டியிருக்கீங்க. இதுக்குப் பேரு ஜெயிப்பா?" என்றாள். பந்தயம் விளைச்சலுக்குத்தான், செலவுக்கல்ல என்று விளக்கினேன். "ஆமா, வெளக்கம்தான் உங்ககிட்ட நல்லா வெளையுது" என்றாள்.

ஆகவே உங்கள் தோல்வியைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொள்ளவும். மைக்குக்காரரிடம் சொல்லி வைத்துவிட்டேன். உங்கள் முகம் போகும் போக்கைப் படமெடுக்க எனக்கு முன்வரிசையில் இடம் வேண்டும். உங்கள் கல்யாணத்தில் மணப்பெண்ணின் தம்பியான என்னைத் தூணுக்குப் பின்னால் உட்கார வைத்ததை நான் மறக்கவில்லை.

உங்கள் மகளுக்கு மாமனின் ஆசிகள். அக்காவுக்கு அன்பு. உங்களுக்கு, முறைப்படி உரிய மரியாதை.

இப்படிக்கு,
வென்ற மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டச் சொல்லிக் கொடுத்தேன். மனைவி படித்துவிட்டு ஒட்டாமல் நிற்கிறாள். "ஐயோ, செவப்பு மேக்குங்க! மொதல்ல அறுத்தது அந்தப் பக்கம்தானே, அதுக்குத்தானே செவப்புக் கயிறு கட்டினேன்?" என்கிறாள். முழுவதையும் திரும்ப எழுதக் கையில் வலுவில்லை. ஆகையால் கைதட்டிய இடத்திலிருந்து 'கிழக்கு' என்பதை 'மேற்கு' என்றும், 'உங்கள் தோல்வி' என்பதை 'என் தோல்வி' என்றும் திருத்தி வாசிக்கவும். மேற்கில் விழுந்த சுண்ணாம்பு என்னுடையது என்பதை மட்டும் மைக்கில் சொல்ல அனுமதிக்கவும். அந்த விதைப்புக் கருவியை அடுத்த முறை இரண்டு பாதிக்கும் அனுப்பி வைக்கவும். குடை உங்களிடமே இருக்கட்டும். முன்வரிசை வேண்டாம், தூணுக்குப் பின்னால் போடுங்கள். அங்கே மைக் எட்டாதல்லவா?