வியட்நாமில் நான் மரக்கறி கேட்ட விதம்

பெரிய தொண்டை உள்ளவர்கள் வெளிநாட்டில் வாயைத் திறக்கும் முன் இரண்டு தரம் யோசிக்க வேண்டும். நான் ஒரு தரம்கூட யோசிக்கவில்லை.

விதைநெல் பயிற்சிக்கென்று நெடுங்கேணியிலிருந்து என்னையும் கனகராயன்குளத்திலிருந்து விமலா அக்காவையும் வியட்நாமுக்கு அனுப்பியிருந்தார்கள். அக்கா எல்லாம் சாப்பிடுவா. நான் பிறந்ததிலிருந்து சைவம். அங்கே கீரைக்கும் மீன் சாறு விடுகிறார்கள். போன நாள் தொடக்கம் எனக்கு வாழைப்பழமும் பிஸ்கற்றும்தான். (“நான் சமாளிப்பன்” என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்தவள்.)

என் கோலத்தைப் பார்த்த மொழிபெயர்ப்பாளர் பிள்ளை ஒரு சொல் சொல்லித் தந்தாள். சைவச் சாப்பாட்டுக்கு அவர்களிடம் “ச்சை”. நாங்கள் அருவருப்புக்குச் சொல்லும் அதே ச்சை. குரலை ஏற்றாமல் மட்டமாகச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னாள். அதை நான் காதில் போடவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் அந்தப் பிள்ளை வரவில்லை. சாப்பாட்டுக் கடை நிறையச் சனம். எனக்குப் பசியில் கண் இருண்டது. குசினிக்குள் நின்ற கடைக்கார அம்மாவுக்குக் கேட்கட்டும் என்று, வரம்பில் நின்று உழவு மெசின்காரனைக் கூப்பிடும் குரலில், “ச்சை” என்று இழுத்து உயர்த்தினேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த சனமெல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தது.

“அவாக்குக் கேக்கேல்லைப் போல,” என்றா விமலா அக்கா. “இன்னும் கொஞ்சம் பலமாச் சொல்லும்.”

சொன்னேன். கையையும் ஆட்டினேன்.

கதிரைகள் சரிந்தன. ஒரு கிழவர் நூடில்ஸ் கோப்பையோடு தெருவுக்குப் பாய்ந்தார். விமலா அக்காவும் ஓடிவிட்டா. (ஏன் என்று கேட்டுவிட்டு ஓடும் பழக்கம் வன்னிச் சனத்துக்கு இல்லை.) கடைக்கார அம்மா வாளித் தண்ணீரோடு வந்து, எதில் ஊற்றுவது என்று தெரியாமல் என்னைப் பார்த்தபடி நின்றா.

அக்கா றோட்டில் நின்று மொழிபெயர்ப்பாளர் பிள்ளைக்குப் போன் எடுத்தபோதுதான் விஷயம் விளங்கியது. அந்தச் சொல்லை உயர்த்திச் சொன்னால் “நெருப்பு” என்று அர்த்தமாம்.

போனைக் கடைக்கார அம்மாவிடம் கொடுத்தோம். “இனி இந்தப் பக்கம் வராதேங்கோ எண்டுதான் சொல்லப் போறா,” என்றேன்.

அவா கேட்டா. பிறகு நிலத்தில் குந்தியிருந்து, கண்ணீர் வரச் சிரித்தா. எழும்பி என் கையைப் பிடித்துக் குசினிக்குள் கொண்டுபோனா. மீன் சாற்றுப் போத்தலை என் கண் முன்னாலேயே எட்ட வைத்தா. கழுவிய சட்டியில் டோஃபு, காளான், தக்காளி. மிளகாய் போடும்போது நான் போதும் என்று சொல்லவேயில்லை. அந்த வாசத்துக்கு, வெளியே ஓடிய சனம் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து அதையே கேட்டார்கள். விமலா அக்கா தன் மீனைத் தள்ளி வைத்துவிட்டு என் கோப்பைக்குள் கை விட்டா.

“வாயைத் திறந்து ஒரு கடையையே சைவமாக்கிப் போட்டீர்,” என்றா.

பயிற்சி முடியும்வரை ஒவ்வொரு மத்தியானமும் ராசாத்தி மாதிரிச் சாப்பிட்டேன். இரண்டு கிலோ கூடித்தான் ஊர் திரும்பினேன்.

இப்போதும் எங்கள் வீட்டில் கறி அடிப்பிடித்தால் “கருகுது” என்று ஒருவரும் சொல்வதில்லை. மகள் முன் அறையிலிருந்தே “அம்மா, ச்சை” என்பாள். குரலை ஏற்றுவதில் ஒரு பிசகும் இல்லை, உச்சரிப்பு அச்சொட்டு. வியட்நாம்காரர் யாரும் பக்கத்தில் இருந்தால் ஓடித்தான் இருப்பார்கள்.