குளித்தால் ஓடும் கம்ப்யூட்டர்

கள்ளக்குறிச்சி,
ஞாயிற்றுக்கிழமை மதியம், லுஹர் தொழுகைக்குப் பிறகு.

அன்பு மச்சான் அமீனுல்லாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அக்கா ரம்ஜான் பீவியும் சுகம். ஷார்ஜாவில் உன் உடம்பும் வேலையும் நல்லபடியாக இருக்க துஆ செய்கிறோம். கம்ப்யூட்டர் மட்டும் சுகமில்லை. போனில் பேசினால் உன் அக்கா காதில் விழும், அவள் வாயில் எதுவும் நிற்காது. அதனால் கடை லெட்டர் பேடில் எழுதி, படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன். படித்ததும் அழித்துவிடு.

உனக்கே தெரியும், என் மகள் மாஹிரா இன்னும் கட்டாத வீட்டுக்குள் நாம் நடந்துபோகிற மாதிரி கம்ப்யூட்டரில் படம் செய்கிறாள். சென்னைக் கம்பெனி ஒன்று அவளிடம், நாளை திங்கட்கிழமைக்குள் ஒரு படம் செய்து அனுப்பு, பிடித்திருந்தால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம், உன் கம்ப்யூட்டர் தாங்காது என்றால் இங்கே வந்து எங்கள் ஆபீஸில் உட்கார் என்று சொல்லியிருந்தது. நம்ம கம்ப்யூட்டரோ அரைமணி நேரம் ஓடினால் தோசைக்கல்லாகக் காய்ந்து தானாக அணைந்துவிடும். அதைக் குளிரவைக்கத்தான் நீ அந்தத் தண்ணீர் செட்டை வாங்கி அனுப்பினாய். குறை சொல்லவில்லை மச்சான், ஆனால் அந்த செட்டு இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

முப்பது வருஷமாகப் பைப்புக் கடை வைத்திருக்கிறேன். தண்ணீர் என்றால் ஒரு பக்கம் வரும், இன்னொரு பக்கம் போகும். இதில் இருப்பது ஒரு டம்ளர் தண்ணீர், விரல் மொத்தத்துக்கு ஒரு டியூப்பு, ஒரு செம்புத் துண்டு, குட்டி மோட்டார், விசிறி வைத்த ஒரு சல்லடை. அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வருகிறது. பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரை வாங்கி ஊற்றி, கீழே டிஷ்யூ பேப்பரைப் பரப்பி, ஒழுகுகிறதா என்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தாள் மாஹிரா.

"சூடான தண்ணி எங்கம்மா போவுது?" என்று கேட்டேன்.

"எங்கயும் போவாது அத்தா. விசிறி காத்துல ஆறிக்கினு அதே தண்ணி திரும்பி வரும்."

"சுட்ட தண்ணிய திரும்பி சூட்டுக்கே அனுப்புனா எப்பிடிம்மா ஆறும்?"

"ஆறும் அத்தா. நீங்க தொடாம இருந்தா போதும்."

தலையாட்டினேன். மனசு கேட்கவில்லை.

நேற்று அவள் சிநேகிதியின் நிச்சயதார்த்தத்துக்கு உளுந்தூர்பேட்டை போனாள், இன்று சாயங்காலம் வருவேன் என்று. இன்று காலை நான் கடையிலிருந்து ரெட்யூசர், எல்போ, டெஃப்லான் டேப்பு எல்லாம் எடுத்துவந்து, அந்தச் சல்லடையையும் குட்டி மோட்டாரையும் கழற்றிப் போட்டுவிட்டு, மொட்டைமாடித் தொட்டியிலிருந்து ஒரு லைன் இழுத்துக் கம்ப்யூட்டருக்குள் விட்டு, மறுபக்கத்தைப் பாத்ரூம் குழாயில் சேர்த்துவிட்டேன். ஒரு டம்ளர் எங்கே, ஆயிரம் லிட்டர் எங்கே! அவள் செய்த படத்தையும் ஓடவிட்டேன். பார்த்தால், பாத்ரூம் குழாய் திறந்திருந்தால்தான் தண்ணீர் ஓடுகிறது, மூடினால் நின்றுவிடுகிறது. அதாவது மாஹிரா வேலை பார்க்க வேண்டுமென்றால் வீட்டில் யாராவது குளித்துக்கொண்டே இருக்க வேண்டும். உன் அக்கா துணி துவைத்தாள், துவைத்த துணியையே மறுபடி அலசினாள், கடைசியில் "இன்னாங்க இது, நான் பொம்பளையா மீனா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கண்ணாயிரம் வந்தார். கல்வராயன் மலையில் மரவள்ளி போட்டிருக்கிறவர், கடை பூட்டியிருக்கிறதே என்று தோட்டத்துக்கு ஓஸ் பைப்பு கேட்டு வீட்டுக்கே வந்துவிட்டார். "மலையிலேர்ந்து வெயில்ல வந்துருக்கீங்க, ஒரு குளியல் போடுங்க" என்று துண்டைக் கையில் கொடுத்தேன். மனுஷன் ஓஸ் அளவைச் சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்தார், நான் விடவில்லை. உள்ளேயிருந்து சத்தம் வந்தது: "பாய், ஹீட்டரே இல்லாம தண்ணி சுடச்சுட வருதே!" எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பார்த்தாயா, கம்ப்யூட்டர் சூடெல்லாம் கண்ணாயிரம் தலையில் இறங்குகிறது என்று உன் அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஆனால் அவர் தண்ணீரின் அருமை தெரிந்தவர். குளித்து முடித்ததும் ஒரு சொட்டு ஒழுகாமல் குழாயை இறுக்கி மூடிவிட்டார். மாடியிலிருந்து இறங்கிவந்த தண்ணீர் போக வழியில்லாமல், அதற்குள் சூட்டில் இளகியிருந்த டியூப்பைப் பிடுங்கிக்கொண்டு பீறிட்டது. கம்ப்யூட்டர் 'பட்' என்றது. அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

"தண்ணிய வீணாக்கக் கூடாதில்ல பாய்?" என்று தலையைத் துவட்டிக்கினு நிக்கிறார் கண்ணாயிரம்.

இப்ப நான் இன்னா பண்றது மச்சான்? படம் போகவில்லை என்றால் பிள்ளை சென்னைக்குப் போய்விடுவாள். அப்புறம் நானும் உங்கக்காவும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கினு ஒக்காந்திருக்கணும். அவ வூட்லயே இருக்கணும்னுதானே இவ்வளவும் செஞ்சேன். எனக்கு ஒரே ஒரு உதவி செய். நீயே அவளுக்குப் போன் போட்டு, மாமா நான் அனுப்பின செட்டுலதான் கோளாறு என்று சொல்லிவிடு. நீ தூரத்தில் இருக்கிறாய், கோபம் வந்தாலும் உன்னை என்ன செய்துவிடப் போகிறாள்?

உன் சம்பாத்தியத்தில் பரக்கத்தையும் உடம்பில் சுகத்தையும் அல்லாஹ் குறைவில்லாமல் தரட்டும். உன் மனைவி ஹப்சாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸலாம்.

இப்படிக்கு,
நனைந்த கைலியோடு,
உன் மச்சான் பஷீர் அகமது

பின்குறிப்பு: இதைப் படம் பிடிக்கத் தெரியாமல் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே மாஹிரா வந்துவிட்டாள். தரையில் ஈரத்தைப் பார்த்தாள், என் கையிலிருந்த காகிதத்தை வாங்கிப் படித்தாள். அவள் கையில் ஒரு பால்கோவா டப்பா. படத்தை வெள்ளிக்கிழமையே முடித்து அனுப்பிவிட்டாளாம். அந்த ஒரு டம்ளர் தண்ணீரிலேயே கம்ப்யூட்டர் கொஞ்சமும் காயாமல் ஓடியதாம். நேற்றே பதில் வந்துவிட்டதாம்: வேலை உண்டு, வீட்டிலிருந்தே பார்க்கலாம், நாளை முதல். நேரில் சொல்லலாம் என்று இனிப்பு வாங்கி வந்திருக்கிறாள். இப்போது கம்ப்யூட்டர் இல்லாததால், புதிது வரும்வரை சென்னை ஆபீஸுக்கே வருவதாகச் சொல்லிவிட்டாள். காலையில் பஸ் ஏற்றிவிடப் போகிறவன் நான்தான். அந்த வெந்நீரும் கம்ப்யூட்டர் சூடு இல்லையாம். "பட்டப்பகல் வெயில்ல மொட்டமாடித் தொட்டித் தண்ணி வேற எப்பிடி அத்தா இருக்கும்?" என்கிறாள். ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆகவே நீ எந்தப் பொய்யும் சொல்ல வேண்டாம். செட்டு நல்ல செட்டுதான், அதேபோல் இன்னொன்று அனுப்பச் சொல்கிறாள். ஆனால் நம் வீட்டு விலாசத்துக்கு வேண்டாமாம், என் கைக்கு எட்டாத இடமாக இருக்க வேண்டுமாம். அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்:

கண்ணாயிரம்,
வெள்ளிமலை,
கல்வராயன் மலை.