குட்டு வைக்காத குட்டு மாஸ்டர்

யார் தலையிலும் ஒரு குட்டுகூட வைக்காமல் ‘குட்டு மாஸ்டர்’ என்று பேர் வாங்கிய மனுசன் திருப்பூர் சுத்துவட்டாரத்திலேயே ஒருத்தர்தான். மண்ணரையில் எங்கள் பனியன் கம்பெனியின் பேக்கிங் மாஸ்டர் அவர். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் வாட்ச்மேன் வேண்டுமென்றே, “உள்ள போங்க, குட்டு மாஸ்டர் கூப்பிடறாரு” என்பார். ஒருத்தர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே போய், டீ டைம் வரைக்கும் அப்படியே நின்று டி-ஷர்ட் மடித்தார்.

அந்தக் குட்டு தலையில் வைப்பது அல்ல. இங்கிலீஷில் ‘கேன்’ என்பதற்குப் பங்காளியாக ஒரு ‘குட்’ வருமே, சி-ஓ-யு-எல்-டி, அது. யாராவது ‘கேன் யூ’ என்று ஆரம்பித்தால் மாஸ்டருக்குப் பொறுக்காது.

“கேன் யூன்னா ‘தர்றியா’ன்னு கேக்கற மாதிரிங்க. குட் யூன்னாத்தான் ‘தர்றீங்களா’. நம்ம பேச்சுல ‘ங்க’ இருக்குதில்லீங்க, வெள்ளக்காரனுக்கு அது இல்ல. பாவம், குட்ட வெச்சு ஓட்டீட்டு இருக்கறான்.”

மாஸ்டர் படித்தது ஆறாவது. நான் ஒன்பதாவது பாதியில் நின்றவன். கணக்குப்படி எனக்குத்தான் இங்கிலீஷ் கூடுதலாக வர வேண்டும், வரவில்லை. அவர் கற்றுக்கொண்டது பள்ளிக்கூடத்தில் அல்ல, சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர்கள் அனுப்புகிற பேக்கிங் பேப்பரில். எப்படி மடிக்க வேண்டும், எந்தப் பக்கம் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்று பக்கம் பக்கமாக வரும். வருசக்கணக்கில் அதைப் படித்துப் படித்து அவரே ஒரு இலக்கணம் கண்டுபிடித்திருந்தார். ‘மஸ்ட்’ என்று இருந்தால், செய்யாவிட்டால் சரக்கு திரும்பி வரும். ‘ஷுட்’ என்றால் திட்டு மட்டும் வரும். ‘மே’ என்றால் பையருக்கே இன்னும் முடிவாகவில்லை. ‘மைட்’ என்றால் நடக்கவே நடக்காது, நிம்மதியாகத் தூங்கலாம்.

எனக்கு அந்த மைட்டுதான் தூக்கத்தைக் கெடுக்கும். வீட்டைப் பூட்டிவிட்டு, பூட்டினேனா என்று நாலு தடவை திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிற ஆள் நான். “தம்பிக்கு மனசு பூரா மைட்டுங்க” என்று மாஸ்டர் எல்லோரிடமும் சொல்லுவார்.

அவர் கையில் எப்போதும் நூல் பிசிறு வெட்டுகிற ட்ரிம்மர் இருக்கும். “ஹீ கம்ஸ்னா அந்த எஸ் இருக்கோணுமுங்க. முன்னால வில்லோ கேனோ மஸ்ட்டோ வந்துட்டா எஸ்ஸு பிசிறு. வெட்டிப்போடோணும்.” சும்மா சொன்னதோடு விட்டாரா? டிஸ்பேட்ச் பையன் ஒருத்தன் லீவு லெட்டரில் ‘மை ஃபாதர் வில் கம்ஸ், ஹீ வில் டேக்ஸ் மீ’ என்று எழுதியிருந்தான். மாஸ்டர் ட்ரிம்மரை எடுத்து எஸ்ஸை மட்டும் நறுக்கென்று காகிதத்தோடு வெட்டிவிட்டார். மேனேஜர் லெட்டரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“ஏப்பா, எலி கடிச்சுப்போட்டுதா?”

“இல்லீங் சார். மாஸ்டர் திருத்துனாருங்க.”

நான் ஒரு தடவை ‘வீ வில் கேன் ஷிப்’ என்று டைப் அடித்துவிட்டு மாட்டிக்கொண்டேன். “ஒரு மிஷின்ல ரெண்டு டெய்லர் உக்கார முடியுங்களா தம்பி? வில்ல வெச்சா கேன எந்திரிக்கச் சொல்லுங்க” என்றார். அன்றைக்கு விட்டது அந்தப் பழக்கம்.

நான் பேக்கிங் லிஸ்ட் டைப் அடிக்கிறவன். மெயிலுக்குப் பதில் போடுவதெல்லாம் மெர்ச்சண்டைசர் பொண்ணு வேலை. அந்தப் பொண்ணு கல்யாணத்துக்கு லீவு போட்ட வாரம் பார்த்து, டையிங்கில் கலர் மாறிப்போய் துணி முழுசும் மறுபடி சாயத்துக்குப் போனது. ஒரு வாரம் லேட் ஆகும். முதலாளி என்னைக் கூப்பிட்டு, “ஏப்பா, பையருகிட்ட ஒரு வாரம் டைம் கேட்டு மெயில் போட்டுரு. இந்த ஆர்டர் போச்சுன்னா ரெண்டாவது லைன மூடறதத் தவிர வேற வழியில்ல” என்றார். ரெண்டாவது லைன் என்றால் இருபத்தி நாலு டெய்லர். அதில் என் சம்சாரமும் ஒருத்தி.

மனசில் இருந்ததை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன். துணி லேட், ஒரு வாரம் வேண்டும், நீங்கள் எங்கே ஆர்டரைக் கேன்சல் செய்துவிடுவீர்களோ என்று எங்களுக்கு ரொம்பப் பயம். அனுப்பிவிட்டு, நல்ல பேர் வாங்கலாமே என்று மாஸ்டரிடம் போனைக் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

“யூ மே கேன்சல் தி ஆர்டர்.”

படித்துவிட்டு மடித்துக்கொண்டிருந்த டி-ஷர்ட்டைக் கீழே வைத்தார். அவர் மடிப்பைப் பாதியில் விட்டு நான் பார்த்ததே இல்லை.

“ஏனுங் தம்பி, கேன்சல் பண்ணிக்குங்கன்னு நீங்களே பர்மிசன் குடுத்துப்போட்டீங்களே.”

“பண்ணீருவீங்களோன்னு பயமா இருக்குதுன்னுதான் மாஸ்டர் எழுதுனேன்.”

“அந்தப் பயம் உங்க மனசுல இருக்குதுங்க. மெயில்ல பர்மிசன்தான் இருக்குது.”

மணி பன்னிரண்டரை. பையர் ஆபீஸ் நம்ம மணி ஒன்றரைக்குத் திறக்கும். இருபத்தி நாலு பேரும் டிபன் பாக்ஸோடு தெருவில் நிற்கிற மாதிரி கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. முதல் ஆளாக என் சம்சாரம், என்னையே முறைத்துக்கொண்டு.

“மாஸ்டர், இப்ப ‘யூ மஸ்ட் கிவ்’னு போட்டுரலாங்களா? மஸ்ட்டுன்னா சட்டுனு குடுத்துருவாங்க.”

“அது கழுத்தப் புடிச்சுக் கேக்கறதுங்க. யூவுக்குப் பக்கத்துல மஸ்ட்டே போடப்படாது. மரியாதைய அவங்க மேல போடோணும், கட்டாயத்த நம்ம மேல போட்டுக்கோணும். யூவுக்குக் குட். ‘வீ’ன்னு வந்தா மஸ்ட். அடிங்க, நான் சொல்றேன்.”

அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். காலையில் வந்த மெயில் என் தப்பு. குட் யூ கிவ் அஸ் ஒன் வீக். வீ மஸ்ட் ஷிப் பை தென். அவ்வளவுதான். ஒன்று பதினெட்டுக்கு மெயில் போனது. அதற்கப்புறம், போய்விட்டதா என்று நாலு தடவை திறந்து பார்த்தேன். மாஸ்டர் விட்ட இடத்திலிருந்து மடிக்க ஆரம்பித்துவிட்டார்.

மூன்று மணிக்குப் பதில் வந்தது. ‘வீ கேன் கிவ் ஒன் வீக். யூ மஸ்ட் நாட் பீ லேட் அகைன்.’

நான் அட்டைப்பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். முதலாளி எல்லோருக்கும் போண்டா வாங்கிவரச் சொன்னார். மாஸ்டர் மட்டும் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு நின்றார்.

“டைம் குடுத்ததெல்லாம் சரிங்க. யூவுக்குப் பக்கத்துல மஸ்ட் போட்டிருக்கறான் பாத்தீங்களா? மரியாதை சொல்லிக்குடுக்க ஊட்டுல ஆளில்லையாட்ட இருக்குது.”

சரக்கு ஒரு நாள் முந்தியே போனது. அந்த வாரம் பூராவும், யார் கொஞ்சம் அசந்தாலும் மாஸ்டர் பக்கத்தில் போய், “வீ மஸ்ட்டுங்க” என்பார். இந்திக்காரப் பையன்கள்கூட அவரைப் பார்த்தால் “வீ மஸ்ட்டுங்க” என்று சொல்லிச் சிரித்தார்கள்.

போன வருசம் நிற்க முடியாமல் முட்டிவலி வந்து, ஓசூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். இந்த மாசம் என் பொண்ணுக்குக் காதுகுத்து. அவருக்கு வாட்ஸப்பில் அவருடைய இங்கிலீஷிலேயே சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். ‘குட் யூ கம்’ என்று அடித்தேன். யாரோ பையருக்குப் போடுகிற மாதிரி இருந்தது, அழித்தேன். ‘யூ மே கம்’. எனக்கும் அதற்கும் ஆகாது, அழித்தேன். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ‘யூ மஸ்ட் கம்’ என்று அனுப்பிவிட்டேன்.

நீல டிக் வந்தது. பதில் வரவில்லை. கோபித்துக்கொண்டாரோ, முட்டிவலியில் இருக்கிறாரோ என்று அன்றைக்குப் பூராவும் எனக்கு ஒரே மைட்டு. சாயங்காலம் ரெண்டே வார்த்தை வந்தது.

‘ஐ மஸ்ட்.’

காதுகுத்து அன்று காலையில் மகள் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கினார். பையை வாங்கக் குனிந்தேன்.

“யூவுக்குப் பக்கத்துல மஸ்ட் போட்டீங்கல்ல” என்று சொல்லி, என் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

வலிக்கவே இல்லை. இன்னொன்று வைத்திருக்கலாம்.