கிணறு, மரம், புதையல் உட்பட

"பத்திரத்துல புதையல்னா போட்டிருக்குது?"

"ஆமாண்டி. 'நிதி நிட்சேபம்'னு ஒரு வரி. இன்னான்னு பத்திரம் எழுதுற இருசப்பனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். பூமிக்கடியில இருக்கிற புதையலாம். வூட்ட வித்தா அதுவும் சுப்புராயனுக்குத்தான் போவுதாம்."

அன்னாமேரி சோறு வடித்துக்கொண்டே சொன்னாள்: "நம்ம வூட்டுக்கு அடியில இருக்கிறது மழைத்தண்ணிதான். அதையும் சேத்தே எடுத்துக்கச் சொல்லு."

பொய்யில்லை. உறுவையாறு கிராமத்தில் அந்த வீட்டுக்கு ஐப்பசியும் தண்ணீரும் ஒன்றாகத்தான் வரும். அடுப்பு கட்டில்மேல் ஏறிவிடும். செல்லிப்பட்டில் மகள் ஜெனிபர் தெருவிலேயே, மேட்டில், ஒரு வீடு பேசி வைத்திருந்தார்கள். இதை விற்றால் அது. இந்த மழைக்காவது கால் நனையாமல் சமைக்க வேண்டும் என்பது அன்னாமேரியின் ஒரே ஆசை.

அவள் கணவர் பிலவேந்திரனுக்கு அதுவரை ஆசையே கிடையாது. இப்போது வந்துவிட்டது.

"ஒண்ணும் இல்லாமயா பத்திரத்துல எழுதுவான்?"

அவருடைய பூட்டனார் புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சு துரையிடம் சமையல்காரர். கப்பலேறும்போது துரை அவர் கையில் எதையோ கொடுத்துவிட்டுப் போனதாகக் குடும்பத்தில் பேச்சு. அது பித்தான் இல்லாத பழைய கோட்டு என்றே இத்தனை காலமும் நம்பியிருந்தார்கள். அப்பாவிகள்.

உடனே இருசப்பனுக்குப் போன். "அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துடுங்க."

இருசப்பன் அதை வீடு வாங்குகிற சுப்புராயனிடம் சொன்னார். வில்லியனூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் சுப்புராயன், கடையைப் போட்டது போட்டபடி பைக்கில் வந்து இறங்கினார்.

"வரிய ஏண்ணே எடுக்கச் சொன்னீங்க?"

"சும்மாதாம்பா."

"சும்மான்னா இருந்துட்டுப் போவட்டுமே."

"இருந்துட்டுப் போவட்டும்னா ஏன்பா ஓடியாந்த?"

இருவரும் தரையைப் பார்த்தார்கள். ஒரே இடத்தைப் பார்த்தார்கள்.

"வேணும்னா விலைய கொஞ்சம் ஏத்திக்கலாம்ணே" என்றார் சுப்புராயன்.

அவர் தலை மறைந்ததும் பிலவேந்திரன் துள்ளினார். "பாத்தியாடி! பத்து ரூவா ஆணிக்குப் பேரம் பேசுறவன் தானா விலைய ஏத்துறான்!"

மறுநாள் கடப்பாரை உள்ளே வந்தது. முதலில் கூடம், பிறகு சமையல்கட்டு. கடைசியில் மாதா சுரூபத்தைப் பக்கத்தில் நகர்த்தி, மன்னிப்புக் கேட்டு, அதற்கடியிலும் இறக்கினார். துருப்பிடித்த கரண்டி ஒன்று கிடைத்தது.

"சமையல்காரரு கரண்டி! கிட்ட வந்துட்டோம்டி!"

"அது போன மழையில நான் தொலைச்சது" என்றாள் அன்னாமேரி.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மணியம்மாள் எட்டிப் பார்த்தாள். "இன்னா அண்ணே வேலை?"

"கொழா பதிக்கிறோம்."

"மாதாவுக்கு அடியிலயா?"

சாயங்காலத்துக்குள் ஊரில் அந்தப் புதையல் ஒரு குடமாகி, ஏழு குடமானது. மறுநாள் காலை வி.ஏ.ஓ. வந்து குழிகளைச் சுற்றிப் பார்த்தார். "புதையல் கெடைச்சா அரசாங்கத்துக்குத் தகவல் குடுக்கணும். மறைச்சா கேஸு. தெரியுமில்ல?"

பிலவேந்திரன் தெருவுக்கே ஓடி வந்து கத்தினார். "ஒண்ணும் இல்ல சார்! மாதா மேல சத்தியமா ஒண்ணும் இல்ல!"

இந்தச் சத்தியம் வில்லியனூருக்குப் போய்ச் சேர்ந்தபோது அதன் பொருள் ஒன்றுதான்: எடுத்தாகிவிட்டது. சுப்புராயன் மறுபடி வந்தார். குழிகளைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"என் பங்குக்கு ஒரு குடமாவது வைங்கண்ணே. இல்லன்னா இந்த வூடு எனக்கு வேணாம்."

"கரண்டி இருக்குது, வேணுமா?"

வானம் கறுத்தது. குழி விழுந்த கூடத்தில் கட்டிலுக்கும் இடமில்லை. இந்த முறை அடுப்பு எங்கே ஏறுவது? அன்னாமேரி கையைக் கழுவினாள். "ரெண்டு பேரும் கெளம்புங்க. இன்னிக்குக் கையெழுத்து ஆவல, நான் தனியா ஜெனிபர் வூட்டுக்குப் போயிடுவேன். குழிய நீ காவல் காத்துக்க."

மூவரும் இருசப்பன் ஆபீசுக்குப் போனபோது அவர் வெளியே போயிருந்தார். தட்டச்சு செய்யும் கல்பனா மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள்.

"புதையல் வரிய எடும்மா" என்றார் பிலவேந்திரன்.

"எடுக்காத! 'ஏற்கெனவே தோண்டி எடுத்தது உட்பட'ன்னு சேத்துப் போடு" என்றார் சுப்புராயன்.

"தோண்டலயே!"

"அப்ப கூடத்துல கெடக்குறது இன்னா, நீச்சல் குளமா?"

வெளியே முதல் தூறல் விழுந்தது. அன்னாமேரி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். கல்பனா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சுப்புராயன் சார், போன மாசம் நீங்க வித்தீங்களே மூணாவது மாடி ஃப்ளாட்டு, அந்தப் பத்திரத்துலயும் இதே வரிதான் இருந்துச்சு. அப்ப எங்க தோண்டிப் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டீங்க?"