நடுவில் எழுந்திருக்க முடியாத கணக்கு

கல்யாணமான ஆணுக்குச் சொத்து இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நல்லதாக ஒரு சாக்கு இருக்க வேண்டும். என் சாக்கு, என் கல்குலேட்டர்.

நான் நிலம் அளக்கும் சர்வேயர். டெங்கில், ஜெஞ்சாரோம் பக்கம் செம்பனைத் தோட்டங்களை வெயிலில் அளந்துவிட்டு வந்து, கிள்ளான் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கணக்குப் போடுவேன். ஆபீசில் எல்லாரும் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டார்கள். நான் போகவில்லை. கம்ப்யூட்டர் நொடியில் கணக்கை முடித்துவிடும். அப்புறம் வீட்டில் நான் என்ன சொல்லித் தப்பிப்பது?

"என்னங்க, கேஸ் தோங் தீந்துபோச்சி. மாத்துங்க" என்று அடுப்படியிலிருந்து என் மனைவி புஷ்பவல்லி குரல் கொடுப்பாள்.

"நடுக் கணக்குல இருக்கேன் புஷ்பா! இப்ப எழுந்தா மறுபடி முதல்லேருந்து போடணும்."

"ஐயோ பாவம், இருங்க, இருங்க."

அவளே புது சிலிண்டரை உருட்டி வந்து மாட்டுவாள். தேங்காய் துருவுவது, ஒட்டடை அடிப்பது, பாசாரில் மீன் வாங்குவது, எல்லாம் இதே கதிதான். என் கணக்குக்கு ஆயுசு கெட்டி.

இந்த நிம்மதிக்கும் ஆபத்து வந்தது. என் கல்குலேட்டரின் பட்டன்கள் ஒவ்வொன்றாக உயிரை விட்டன. அந்த மாடலையே கம்பெனி நிறுத்திவிட்டது. நான் இடிந்துபோனேன். அந்த நேரத்தில்தான் அதே கம்பெனி ஓர் அறிவிப்புச் செய்தது. புரோகிராம் எழுதிக்கொள்ளும்படி புதிதாக ஒரு சயின்டிபிக் கல்குலேட்டர் செய்யப்போகிறோம், என்னென்ன வசதி வேண்டும் என்று எழுதி அனுப்புங்கள், சிறந்த யோசனைக்கு முதல் கல்குலேட்டர் இலவசம்!

அதை வாங்காமல் விடுவதில்லை என்று சபதம் எடுத்தேன். எனக்கோ ஒற்றை விரல் டைப்பிங். புஷ்பாவைக் கூப்பிட்டு லேப்டாப் முன்னால் உட்கார வைத்தேன்.

"நான் சொல்றேன், நீ டைப் பண்ணு. பெரிய ஸ்கிரீன் வேணும்."

"போட்டாச்சி. கண்ணாடிய மாத்துனாலே போதும்லா."

"நெறைய புரோகிராம் வைக்க மெமரி வேணும்."

"நேத்து பால் வாங்கச் சொன்னேனே, அதுக்கும் சேத்தா?"

"பேசாம டைப் பண்ணு. வெயில்ல நம்பர் தெரியணும். பட்டனுக்கு நாமளே பேர் வெச்சிக்கணும். கீழ விழுந்தா உடையக் கூடாது."

"தூக்கி எறிஞ்சா?"

"யாரு எறியப் போறா?"

"சும்மா கேட்டேன். போட்டாச்சி."

இப்போதுதான் என் பிரம்மாஸ்திரத்தை எடுத்தேன். "கடைசியா ஒண்ணு. கணக்கு ஓடுறப்ப மேல ஒரு செவப்பு லைட்டு எரியணும். தூரத்துலேருந்து பாத்தாலே ஆளு பிஸின்னு தெரியணும்."

டைப்பிங் நின்றது. "எவ்ளோ தூரத்துலேருந்து?"

"ஒரு... அடுப்படி தூரம்."

"நல்ல யோசனைங்க" என்றாள். பிறகு படபடவென்று வெகுநேரம் தட்டினாள். ஒரு சிவப்பு லைட்டுக்கு இவ்வளவு எழுத்தா என்று தோன்றியது. கேட்பதற்குள் எழுந்து போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டிவிட்டாள்.

"அனுப்பட்டுமா? ஒருவாட்டி படிச்சிப் பாத்துடுங்க."

"உன்ன நம்பாம யார நம்பப் போறேன்? அனுப்புலா."

சில மாதம் கழித்து ஈமெயில் வந்தது. என் யோசனைதான் முதல்! நீள ஈமெயிலில் முதல் வரியை மட்டும் படித்தேன், அதற்குமேல் கண் தெரியவில்லை, ஆனந்தக் கண்ணீர். பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடைக்கு ஆபீஸ் ஆட்களைக் கூட்டிப்போய்ப் பிரசங்கமே செய்தேன். கூட வேலை செய்யும் கார்த்திகேசு, ரசம் ஒழுகும் கையோடு என் கையைப் பிடித்துக் குலுக்கினான். எந்த யோசனை என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் அது தெரியாது.

போன வாரம் பெட்டி வந்தது. திறந்ததும் சிவப்பு லைட்டைத் தேடினேன். காணோம். மூலையில் மஞ்சளாக, பெரிதாக ஒரு பட்டன்தான் இருந்தது. கூடவே வந்த கடிதத்தைப் புஷ்பா தமிழில் சொன்னாள்.

"'கணக்கு நடுவுல மனைவி கூப்பிட்டா இந்தப் பட்டன அமுக்கிட்டுப் போகலாம். திரும்பி வந்து விட்ட இடத்துலேருந்து போடலாம். இப்படி ஒரு வசதி கேட்ட கணவர நாங்க பாத்ததே இல்ல. எங்க இன்ஜினியருங்க எழுந்து நின்னு கைதட்டுனாங்க.'"

"இத நான் சொல்லவே இல்லையே!"

"எத்தன வருஷமா பாக்கறேன்! ஓடி வந்து ஒத்தாசை பண்ண உங்களுக்கு ஆசை. பாழாப்போன கணக்கு விட மாட்டேங்குது. மனசு கேக்கலைங்க, அதான் சேத்துட்டேன்."

முகத்தில் துளி சிரிப்பு இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இது என் யோசனை இல்லை என்று சொல்லவும் வழியில்லை. பிரிக்பீல்ட்ஸில் ரசத்தோடு கை குலுக்கியாயிற்றே!

கல்குலேட்டர் என்னவோ தங்கம்தான். பட்டன் ஒவ்வொன்றும் வெண்ணெய். ஜெஞ்சாரோம் நிலக் கணக்கை எடுத்துவைத்து ஆசை ஆசையாகத் தட்டினேன்.

"என்னங்க, கேஸ் தோங்!"

மஞ்சள் பட்டனை அமுக்கிவிட்டு எழுந்தேன். தோங்கை மாட்டி முடித்த சற்று நேரத்தில், சட்டியிலிருந்து எடுத்த முதல் உளுந்து வடையை ஊதி என் வாயில் வைத்தாள். மேசைக்கு வரும் ஆறின வடைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இத்தனை வருஷம் வீணாக்கிவிட்டேனோ என்றுகூடத் தோன்றியது. திரும்பி வந்து பார்த்தால், தசமப் புள்ளிகூட அசையாமல் கணக்கு அப்படியே இருந்தது. பரவாயில்லையே என்று திருப்தியாக உட்கார்ந்தேன்.

"என்னங்க, தேங்கா துருவணும்!"

"இப்பத்தானே எழுந்து வந்தேன்!"

"எத்தன தடவ வேணும்னாலும் அமுக்கலாம்னு புக்குல போட்டிருக்குலா."