ஒரே மூச்சு அண்ணனும் நான்கு ஊர்களும்

இலங்கை மலைநாட்டில் பதுளையிலிருந்து புறப்படும் பஸ்ஸை ஓட்டுவது டிரைவர் அல்ல, கண்டக்டரின் வாய்தான் என்பதை உலகுக்கு நிரூபித்தவர் ஒரே மூச்சு அண்ணன். நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நம்பமாட்டீர்கள்.

1. ஹாலிஎல, தெமோதரை, எல்ல, பண்டாரவளை என்று நான்கு ஊர்ப் பெயரையும் மூச்சு விடாமல் கூவுவார். அதனால் அந்தப் பட்டம்.
2. வாயிலிருந்து வெற்றிலை இறங்காத மனிதர். கீழ்த்தாடையில் புற்று வந்தது.
3. கண்டி ஆஸ்பத்திரியில் பாதித் தாடையை எடுத்துவிட்டு, அவருடைய கால் எலும்பையும் கொஞ்சம் கால் தோலையும் வைத்துப் புதிய தாடை கட்டினார்கள்.
4. கால் தோல் தன் குணத்தை விடவில்லை. வாய்க்குள் முடி முளைத்தது.
5. “மிஸ், இனி உள்ளுக்கும் சேவ் எடுக்கணுமா?” என்று என்னிடம் கேட்டார்.

நான் அப்போது பதுளை ஆஸ்பத்திரியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட். 2000களின் தொடக்கம். அண்ணனின் வாய் ஒரு விரல் அகலம்கூடத் திறக்கவில்லை. அவருக்கு அது கவலையே இல்லை.

“கஞ்சி குடிச்சிக்கிட்டே காலத்த ஓட்டிருவேன் மிஸ். ஆனா பஸ்ல ஏறணும். சித்திரைக்குள்ள நாலு ஊரும் சத்தமா வரலைன்னா வேற ஆள நிரந்தரமாப் போட்டுருவேன்னு மொதலாளி சொல்லிட்டாரு.”

“இப்ப சொல்லிப் பாருங்கண்ணே.”

சொன்னார். நான்கு ஊரும் கூழாகி ஒன்றாக வந்தன.

நாக்கை அழுத்திப் பார்க்கும் தட்டையான மரக்குச்சிகளைக் கொடுத்தேன். அடுக்கிப் பல்லுக்கிடையில் வைக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு குச்சி கூட்ட வேண்டும். மணிக்குப் பத்துத் தடவை வாயைத் திறந்து மூட வேண்டும். வாய் கோணாமலிருக்கக் கண்ணாடி பார்த்துச் செய்ய வேண்டும். எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கொடுத்தேன். எந்தக் கண்ணாடி என்று எழுதவில்லை. என் பிழைதான்.

அடுத்த வாரம் டிரைவரும் கூடவே வந்தார். அண்ணனுக்கு மச்சான் முறை. வேலை இல்லாவிட்டாலும் அண்ணன் தினமும் அவருடைய பஸ்ஸில்தான் முன்னால் உட்கார்ந்து போவாராம்.

“மிஸ், இந்த மனுசனுக்கு வேற கண்ணாடி எழுதிக் குடுங்க. பின்னால லொறி வருதான்னு பாத்தா இவரு பல்லு தெரியுது!”

“அந்தக் கண்ணாடியிலதான் மச்சான் என் மூஞ்சி முழுசாத் தெரியுது.”

கையடக்கக் கண்ணாடி ஒன்று வாங்கச் சொன்னேன். வாங்கினார். ஆனால் தனியாகச் செய்யக் கூச்சமாம். ஒருநாள் நானே அந்த பஸ்ஸில் ஏறினேன். தெமோதரை தாண்டியதும் அண்ணன் எழுந்து கைதட்டினார். தோட்டத்துப் பெண்கள், யாழ்ப்பாணத்து வாத்தியார், சந்தைக்குப் போன முட்டைக்காரர் என்று பஸ் மொத்தமும் வாயைப் பிளந்தது. எல்லயில் ஏறிய வெள்ளைக்காரர் ஒருவர், திறந்த வாய்களைப் பார்த்துவிட்டு அப்படியே இறங்கிக்கொண்டார்.

“நீங்க எதுக்கக்கா செய்றீங்க?” என்று பக்கத்தில் இருந்த பெண்ணைக் கேட்டேன்.

“தொணைக்குத்தான் மிஸ். இப்ப கத்துற பொடியன் எந்த ஊருன்னே வெளங்காமக் கத்துறான். நீங்களும் தொறங்க!”

திறந்தேன்.

சித்திரைக்கு நான்கு நாள் இருக்கும்போது முதலாளி பஸ் ஸ்டாண்டுக்கே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அண்ணன் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

“ஹாலிஎல, தெமோதரை...”

நின்றுவிட்டது. துண்டால் எச்சிலைத் துடைத்துக்கொண்டார். மறுபடி இழுத்தார்.

“எல்ல, பண்டாரவளை!”

“ரெண்டு மூச்சாகுதே?” என்றார் முதலாளி.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். “ஏத்தத்துல பஸ்ஸே மூணு தடவ கியர் மாத்துதுங்க மொதலாளி. இவரு ஒரு மூச்சு மாத்தக் கூடாதா?”

முதலாளி சிரித்துக்கொண்டே டிக்கெட் புத்தகத்தை அண்ணன் கையில் கொடுத்தார். ஸ்டாண்டில் எழுந்த கூச்சலில் புறப்படவிருந்த பசறை பஸ்கூட நின்றுவிட்டது.

இன்றைய நிலை இது. வாய் மூன்று விரல் அகலம் திறக்கிறது. ரொட்டியைத் தேநீரில் நனைத்துச் சாப்பிடுகிறார். கீழுதட்டின் ஒரு பக்கம் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. வேலையில் இருக்கிறார். என் வீட்டுக்கு ரயில்தான் வசதி. நான் பஸ்ஸில்தான் போகிறேன்.