குக்கர் விசில் கேட்டு வளர்ந்த கொடி

செடிக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்த மனிதர் இந்த உலகத்திலேயே எங்கள் கொடி அண்ணாச்சி ஒருவர்தான். பிள்ளைகளே, புளுகு என்று நினைக்காதீர்கள். தாராவியில் அவர் கீழ்வீடு, நாங்கள் மேல்வீடு. கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன்.

இட்லி அவித்துச் சைக்கிள் வியாபாரிகளுக்குக் கொடுப்பது அவர் தொழில். ஒற்றை அறை. காலையில் எழும்புகிற ஆவியில் சுவருக்கே வியர்க்கும். மனிதனுக்கு மூச்சு முட்டும். மணிபிளான்ட் கொடிக்கோ அது சொர்க்கம். கட்டில்மேல் தொட்டி. தேங்காய் நார் சுற்றிய குழாயைப் பிடித்து ஏறி, சுவரில் வேர் ஊன்றி, ஒவ்வோர் இலையும் இட்லித்தட்டு அகலம்! அறை இருட்டு என்று அதற்குத் தனி டியூப்லைட் வேறு. அண்ணாச்சி மட்டும் செல்போன் டார்ச்சில் தன் சட்டையைத் தேடுவார்.

ஒரு மழைக்கால விடியலில் என் மனைவி செல்வி அலறினாள். "ஏங்க, காலு மேல பாம்பு!"

பூரிக்கட்டையை எடுத்து ஓங்கி ஒரு போடு போட்டேன். கீழேயிருந்து அதைவிடப் பெரிய அலறல்: "ஏ, அடிக்காதிய! அது நம்ம பயதான்!"

கேபிள் வயருக்காகத் தரைப்பலகையில் போட்ட ஓட்டை வழியாகக் கொடி எங்கள் வீட்டுக்குக் குடிவந்திருந்தது! அண்ணாச்சி இரும்பு ஏணியில் தடதடவென்று ஏறி வந்து, நசுங்கிய இலையை ஊதி ஊதிப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள இதை அடக்குங்க அண்ணாச்சி. இல்லன்னா கத்திரிக்கோல்தான்" என்றாள் செல்வி.

"பச்சப்புள்ள தாயி, வழி தெரியாம வந்துட்டு. ஆவியக் கொறைச்சா அடங்கிரும்."

எப்படிக் குறைத்தார் தெரியுமா? இட்லிக் கொப்பரையைச் சந்துக்குத் தூக்கிவிட்டார்! கொட்டுகிற மழையில் அடுப்புக்குக் குடை, அவருக்குக் குளியல். கொடி அடங்கியதா? அது செல்வியின் குக்கரைக் கண்டுபிடித்துவிட்டது. இவள் விசில் விட விட, அது அடுப்படிப் பக்கமே நீண்டது.

ஞாயிறு வந்தது. செல்வி கத்திரிக்கோலை எடுத்தாள். ஏணியடியில் அண்ணாச்சி, பிள்ளைக்கு ஊசி போடும்போது வெளியே நிற்கிற தகப்பன் மாதிரி, கண்ணை மூடிக் காதைப் பொத்தி நின்றார். மேலேயிருந்து செல்வி எட்டிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, புது எல ஒண்ணு சுருட்டிக்கிட்டு நிக்கி. அது விரியட்டும். பொறவு வெட்டுதேன்."

அது விரிந்தது. அதன் பின்னால் இன்னொன்று சுருண்டு நின்றது. வருஷங்கள் போயின, வெட்டுகிற நாள் மட்டும் வரவில்லை.

போன மாதம் அண்ணாச்சி, மும்பையின் இன்னொரு கோடியில் இருக்கும் பாண்டுப்பில் மகன் வீட்டோடு போக வேண்டியதாயிற்று. "கொடியையும் கொண்டு போயிருவாரோ?" செல்விக்குச் சமையலே ஓடவில்லை. கிளம்புகிற அன்று இட்லிக் கொப்பரையோடு ஏறி வந்தவர், கத்திரிக்கோலைக் கேட்டார். ஓட்டைக்கு மேலே, ஒரே வெட்டு! நான் வாயைப் பிளந்து நின்றேன். வெட்டணும் வெட்டணும் என்று குதித்தவள் தேம்பித் தேம்பி அழுதாள்.

மேல்பாதியின் தண்டை இட்லிக் கொப்பரைத் தண்ணீரில் நிறுத்தினார். "அழாத தாயி, வேரு விட்டுரும். கீழ உள்ளது எனக்கு. இது ஒன் புள்ள. ஒன் குக்கர் விசில் கேட்டு வளந்ததுல்லா?"

வேர் விட்டது. இப்போதெல்லாம் குக்கர் வைத்ததும் செல்வி பாண்டுப்புக்குப் போன் போடுவாள். பேசமாட்டாள், அடுப்புப் பக்கம் நீட்டிப் பிடிப்பாள். விசில் ஓய்ந்ததும் அந்தப் பக்கமிருந்து குரல் வரும்: "எல எல்லாம் நல்லா இருக்கா தாயி?"

ஈரத்துணியால் இலைகளைத் துடைத்தபடி, "நல்லா இருக்கு அண்ணாச்சி" என்று நான்தான் பதில் சொல்வேன். பூரிக்கட்டையால் அடித்த அதே கைதான் துடைக்கிறது.